நாலு தொண்ணூறு

ஹேக் நகரத்திலிருந்து வந்த கடிதம்
"அன்புள்ள ஏபி" என்று தொடங்கியது.
அடையாள அட்டையில் எனக்கும் அப்பாவுக்கும் நடுவே
மகள் என்பதற்காகப் போட்ட ஏ/பி-யைக்
குடும்பப் பெயர் என்று நினைத்துவிட்டார்கள்.
பன்னாட்டு உறவுகள், முதுகலை, இரண்டு வருடம்.

கோலாலம்பூர்க் கடிதத்தில் பெயர் சரியாக இருந்தது.
பூங்கோதை ஏ/பி தர்மலிங்கம்.
பொதுக் கொள்கை. சனி ஞாயிறு வகுப்பு. பாதிக் கட்டணம்.
வேலையை விட வேண்டியதில்லை.

வேலை என்றால்
பினாங்கு ஸ்திரீட்டின் பின்சந்தில் வெங்காய மொத்த வியாபாரம்.
சிவப்பு வலைப்பைகளை எண்ணுவது, பில் போடுவது,
அழுகியதை மோந்தே கண்டுபிடிப்பது.
ஐந்து வருடமாய் எந்த ஷாம்புவுக்கும்
என் கூந்தல் வசப்படவில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி
டெல்லியில் யாரோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.
ஏற்றுமதிக்குத் தடை.
பட்டர்வொர்த்துக்கு வரவேண்டிய நான்கு கொள்கலன்கள்
கடலுக்கு அந்தப் பக்கமே நின்றன.
முதலாளி நஜிமுதீன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்:
"அவங்க ஊர்ல எலெக்‌ஷன், நம்ம கடைல நோன்பு."

ஹேக்தான் என்று அன்றே முடிவு செய்தேன்.
நீள மேசை, சின்னச் சின்னக் கொடிகள், கண்ணாடிக் குவளையில் தண்ணீர்;
அங்கே ஓர் ஓரத்தில் உட்கார்ந்தால்
தாளில் பேனா படுவதற்கு முன்
"கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லலாம்
என்று நினைத்தேன். யார் பொறுப்பார்கள்
என்று நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் அமலாக்க அதிகாரி ரொஸ்னானி வந்தார்.
வியர்வையில் தூடோங் நெற்றியோடு ஒட்டியிருந்தது.
பலகையைப் பார்த்தார்: கிலோ ஐந்து எண்பது.
கையிலிருந்த அட்டவணையைப் பார்த்தார்: நாலு தொண்ணூறு.
"வாங்கின விலையே ஐந்து இருபது, காக்."
"எனக்குத் தெரியும்" என்றார்,
"தாளுக்குத் தெரியாது."
அபராதச் சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு
சின்ன வெங்காயமாய்ப் பார்த்து இரண்டு கிலோ பொறுக்கினார்.
பதினொன்று அறுபது. எண்ணிக் கொடுத்தார்.
பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றிலிருந்துதான் எனக்கு அந்த நாலு தொண்ணூறு.
எந்த அறையில் எழுதினார்கள் அதை?
அறைக்கு ஜன்னல் உண்டா?
தொண்ணூறா எண்பத்தைந்தா என்று
யாராவது யாரோடாவது சண்டை போட்டார்களா,
அல்லது சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதா?
பல் தேய்க்கும்போதும் இதே யோசனை.

லாரி ஓட்டும் ஹொக் செங்கிடம் இரண்டு கடிதத்தையும் விளக்கினேன்,
மலாயில், பாதி கையசைவில்.
ஒன்று நாடுகளுக்கு நடுவில், ஒன்று நாட்டுக்கு உள்ளே.
"ரெண்டுக்கும் லாரி வேணும்" என்றான்.

கவிமலர் மட்டும் கோபப்பட்டாள்.
"கப்பல் வாசல்ல நிக்குது, நீ பஸ்ஸுக்கு டிக்கெட் பாக்குற.
பயந்தா பயம்னு சொல்லு.
வெங்காயத்து மேல போடாதே."
இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.
பயமும் இருந்தது. யூரோவை நாலரையால் பெருக்கினால்
யாருக்கும் வரும்.

கடைசி நாள். அவர்களுக்கு நண்பகல் பன்னிரண்டு
நமக்கு மாலை ஆறு.
ஐந்தே முக்காலுக்கு ஃபெரியில் இருந்தேன்,
பாகான் டாலம் வீட்டுக்குத் திரும்பும் வழியில்.
துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கி
எதையோ தூக்கிப் பிடித்தபடி நின்றது,
இறக்கவா ஏற்றவா என்று தெரியவில்லை.

மறுப்புப் படிவத்தைத் திறந்தேன்.
காரணம், கட்டாயம் நிரப்பவும்.
வெறுமையாய் விட்டுப் பார்த்தேன், சிவப்பாய் மின்னியது.
குடும்பச் சூழல் என்று அடித்து அழித்தேன்.
நிதி என்று அடித்து அழித்தேன்.
பிறகு 4.90 என்று போட்டேன்.
படிவம் ஏற்றுக்கொண்டது.

கீழே பெயர் கேட்டார்கள்.
அவர்கள் குழம்ப வேண்டாமே என்று
ஏபி என்றே எழுதினேன்.